உலகத்தைச் சுற்ற ஒரே டிக்கெட்! படுத்துக்கொண்டு போவதா, உட்கார்ந்து போவதா?

மகள் ஆஸ்திரேலியாவில். மகன் அமெரிக்காவில். அப்பாவும் அம்மாவும் கம்பைநல்லூரில்.

இப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இன்று தர்மபுரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட வீட்டைத் தேடி அலைய வேண்டியது இல்லை.

அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். வயது 66. அம்மாவுக்கு 62. அவருக்கு முழங்கால் வலி.

ஒரு நாள் இரவு மகன் டெலிபோனில் பேசுகிறான்.

"அப்பா, உலகத்தைச் சுற்றி வர ஒரே டிக்கெட் இருக்குது. முதல்லே அக்கா வீட்டுக்குப் போங்க. அங்கிருந்து எங்க வீட்டுக்கு வாங்க. அப்படியே லண்டனைப் பாத்துட்டு ஊருக்குத் திரும்பிடலாம். பிசினஸ் கிளாசிலேயே வாங்க. அம்மா காலை நீட்டிப் படுத்துக்கலாம். பாதிப் பணம் நான் போடறேன்."

"எவ்வளவு ஆகும்ப்பா?"

மகன் தொகையைச் சொல்கிறான். பல லட்சம்! அப்பா மவுனம் ஆகிவிடுகிறார்.

"ஏங்க, அந்தப் பணத்திலே பாதி வீடு கட்டிடலாமே!" என்கிறார் அம்மா.

வாங்கலாமா? வேண்டாமா? இதுதான் கேள்வி.

அது என்ன டிக்கெட்?

உலகம் சுற்றும் விமானம் புதிது அல்ல. 1947-ம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் "பான் அமெரிக்கன்" கம்பெனி அதைத் தொடங்கியது. அந்த முதல் விமானம் கல்கத்தாவிலும் இறங்கிப் போனது. அந்தக் கம்பெனி 1991-ல் மூடப்பட்டு விட்டது.

இப்போது பல விமான கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து இருக்கின்றன. "ஸ்டார் அலையன்ஸ்" 1997-ல் தோன்றியது. "ஒன்வேர்ல்டு" 1999-ல் தோன்றியது. இத்தகைய கூட்டணியின் விமானங்களில் மாறி மாறி ஏறி, உலகத்தைச் சுற்றி வருவதற்கு உரிய டிக்கெட்தான் இது.

இதற்குச் சில விதிகள் உண்டு.

கிழக்கே போனால் கிழக்கேயே போக வேண்டும். மேற்கே போனால் மேற்கேயே போக வேண்டும். பசிபிக் கடலையும் அட்லாண்டிக் கடலையும் ஒவ்வொரு முறை தாண்ட வேண்டும். புறப்பட்ட நாட்டுக்கே திரும்பி வர வேண்டும். ஒரு வருடத்துக்குள் பிரயாணத்தை முடிக்க வேண்டும். ஒன்வேர்ல்டு டிக்கெட்டில் அதிகமாகப் போனால் 16 விமானங்கள் ஏறலாம்.

கம்பைநல்லூர்க் குடும்பத்துக்கு இந்த விதிகள் சட்டை தைத்தது போலப் பொருந்துகின்றன. மகள் கிழக்கே. மகன் அதற்கும் கிழக்கே. இருவரையும் பார்த்துவிட்டு மேலும் கிழக்கே போனால், பெங்களூரே வந்துவிடும்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. திங்கட்கிழமை மாலை சிட்னியில் ஏறுகிறவர், சான்பிரான்சிஸ்கோவில் இறங்கும்போது அங்கே அதே திங்கட்கிழமை பகலாக இருக்கும். ஒரே நாளை இரண்டு முறை பார்த்துவிடலாம்.

ஆனால், இரண்டு பிள்ளைகளும் ஒரே நாட்டில் இருந்தால்? அப்போது இந்த டிக்கெட் வேண்டவே வேண்டாம். போய்வரும் டிக்கெட்டே போதும்.

படுக்கைக்கு என்ன விலை?

பிசினஸ் வகுப்பில் என்ன கிடைக்கும்?

நீண்ட தூர விமானங்களில் இருக்கை பெரும்பாலும் படுக்கையாக விரியும். நல்ல சாப்பாடு உண்டு. விமான நிலையத்தில் ஓய்வு எடுக்கத் தனி அறை உண்டு. கூடுதல் பெட்டி கொண்டு போகலாம்.

இதற்கு வரியும் அதிகம். இந்தியாவில் சாதாரண வகுப்பு டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். பிசினஸ் வகுப்புக்கு 12 சதவீதமாக இருந்தது. அது 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. அதாவது, ஒரு லட்ச ரூபாய்க் கட்டணத்துக்கு 18 ஆயிரம் ரூபாய் வரி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதைத்தான் பலர் போட்டுப் பார்ப்பது இல்லை.

சாதாரண வகுப்புக்கும் பிசினஸ் வகுப்புக்கும் இருவருக்குமாகச் சேர்த்து 10 லட்ச ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் 8 சதவீத வட்டிக்குப் போடப்பட்டு இருந்தால், வருடத்துக்கு 80 ஆயிரம் ரூபாய் வரும். மாதம் 6 ஆயிரத்து 600 ரூபாய்க்கு மேல்!

ஓய்வு பெற்ற வீட்டில் அது மாத்திரை மருந்துக்கு ஆகும் பணம். சில நாள் படுக்கைக்காக ஆயுள் முழுவதும் அதை விட்டுக்கொடுக்கலாமா?

முழங்கால் என்ன சொல்கிறது?

அதற்காக, படுக்கை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடவும் முடியாது.

சிட்னியில் இருந்து சான்பிரான்சிஸ்கோ போக சுமார் 13 மணி நேரம் ஆகும். அங்கிருந்து லண்டனுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலிக்கிற காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்து இருப்பது சாமானியமா?

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஓர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டது. நாலு மணி நேரமும் அதற்கு மேலும் பிரயாணம் செய்தால், கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு ஆகிறது என்று அது கூறியது. ஆனாலும் பயப்பட வேண்டாம். அப்படிப் பாதிக்கப்படுகிறவர் சுமார் 6 ஆயிரம் பேரில் ஒருவர்தான். இதற்குக் காரணம் விமானம் அல்ல. அசையாமல் இருப்பதுதான் காரணம். பஸ்சிலும் ரெயிலிலும் கூட இது வரலாம்.

ஆகவே, பிசினஸ் வகுப்பில் படுத்துக்கொண்டே போனாலும் அவ்வப்போது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். ஏற்கனவே நோய் உள்ளவர்கள், புறப்படும் முன்பு டாக்டரைக் கேட்க வேண்டும்.

விமான நிலையத்தில் நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலி கேட்கலாம். அதற்குப் பிசினஸ் வகுப்பு தேவை இல்லை. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

டீக்கடைக்காரர் போன வழி

கேரளாவில் கொச்சி நகரில் விஜயன் என்பவர் டீக்கடை நடத்தினார். அவருடைய மனைவி மோகனா. தினமும் 300 ரூபாய் சேர்த்தார்கள். போதாததற்குக் கடன் வாங்கினார்கள். பிரயாணம் முடிந்து வந்து, கடையில் உழைத்துக் கடனை அடைத்தார்கள். மறுபடியும் புறப்பட்டார்கள். இப்படியே 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள்!

2021-ம் ஆண்டு அக்டோபரில் ரஷியாவுக்குப் போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார்.

அவருடைய கதையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று: "பிறகு பார்க்கலாம்" என்று அவர் தள்ளிப் போடவில்லை.

மற்றொன்று: கடனை அடைக்க அவருக்குத் தினமும் திறக்கும் கடை இருந்தது. ஓய்வு பெற்றவருக்கு அந்தக் கடை இல்லை. எனவே, நிலத்தை அடமானம் வைத்தோ, நகையை வைத்தோ உலகம் சுற்றக் கூடாது. மகன் பாதி தருகிறான் என்றால், "கடன் வாங்கியா தருகிறாய்?" என்று கேட்டுவிட வேண்டும். அப்படிக் கேட்பதில் கவுரவக் குறைவு ஒன்றும் இல்லை.

என்ன செய்யலாம்?

முதலில் விசா. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசா வேண்டும். கட்டணமும் தனித்தனி. அவை கைக்கு வரும் முன்பு, திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுக்குப் பணம் கட்டக் கூடாது.

அடுத்தது விலை. இந்த டிக்கெட்டின் விலை, புறப்படும் நாட்டுக்கு நாடு மாறும். பெங்களூரில் புறப்பட்டால் என்ன, கொழும்பில் புறப்பட்டால் என்ன என்று இரண்டையும் கேட்க வேண்டும். கொழும்பு போய்வரும் செலவையும் அதில் சேர்க்க வேண்டும்.

பிறகு, இரவு விமானங்களை எண்ண வேண்டும். பகலில் 4 மணி நேரம் பறப்பதற்குப் படுக்கை எதற்கு? 10 மணி நேரத்துக்கு மேற்பட்ட இரவு விமானம் ஒன்றோ இரண்டோதான் என்றால், டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கலாம். அந்த இரண்டுக்கு மட்டும் பிசினஸ் வகுப்பு எடுக்கலாம். மொத்தத் தொகையையும் உலகம் சுற்றும் டிக்கெட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது லாபம் என்று காகிதமே சொல்லிவிடும்.

இரண்டு வருட வைத்தியச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் பணம் ஒதுக்கியது போக, மிச்சம் இருக்கிறதா? உடம்பும் உட்கார மறுக்கிறதா? அப்படியானால் பிசினஸ் வகுப்பு டிக்கெட்டைத் தாராளமாக வாங்கலாம். அது வீண் செலவு அல்ல.

மிச்சம் இல்லையா? சாதாரண வகுப்பில் புறப்படலாம். நடுவில் சிங்கப்பூரில் இரண்டு நாள், மகள் வீட்டில் ஒரு மாதம், மகன் வீட்டில் ஒரு மாதம் என்று தங்கித் தங்கிப் போனால் முழங்காலும் ஒத்துழைக்கும்.

ஆனால், "படுக்கை கிடைக்கவில்லை, ஆகவே போகவில்லை" என்று மட்டும் இருந்துவிடக் கூடாது.

மகள் வீட்டுச் சமையல் அறையில் அம்மா ஒரு நாள் ராகிக் களி கிண்ட வேண்டும். மகன் வீட்டுப் பேரனுக்கு அப்பா "அ, ஆ" எழுதிக் காட்ட வேண்டும். பிரயாணம் அதற்குத்தான். அந்த வீடுகளுக்குள் நுழையும்போது, எந்த வகுப்பில் வந்தீர்கள் என்று பேரன் கேட்க மாட்டான். "எப்போ வந்தீங்க, தாத்தா?" என்றுதான் கேட்பான்.

வசதி காத்து இருக்கும். வயது காத்து இருக்காது!