கல்வி வழிகாட்டி: மிருக வைத்தியராக விரும்பும் மகள்

கேள்வி: மகள் சாதாரண தரம் சித்தியடைந்துள்ளாள். மிருக வைத்தியராக வேண்டும் என்கிறாள். உயர்தரத்தில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் படித்து, எமதூர் கால்நடை வளர்ப்புப் பாடசாலையில் சேர்ந்தால் போதும் என்கின்றனர் உறவினர். சரிதானா?
– ஒரு தாய், குண்டசாலை

பதில்: அவசரப்பட வேண்டாம், சகோதரியே! குண்டசாலைப் பாடசாலை வழங்குவது டிப்ளோமா. கால்நடை அபிவிருத்தித் துறையில் கௌரவமான தொழிலுக்கு அது வழி. ஆனால் வைத்தியர் பட்டமன்று.

மிருக வைத்தியராகப் பதிவு பெறப் பட்டம் அவசியம். அரச பல்கலைக்கழகங்களில் அதனை வழங்குவது பேராதனை மட்டுமே. அங்கு இதற்கெனத் தனிப் பீடம் உள்ளது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி வேண்டும். பௌதிகவியலைக் கைவிட்டால் விவசாயப் பட்டத்துக்குப் போகலாம். இந்தக் கதவோ மூடிவிடும்.

தெரிவு இசட் புள்ளிப்படி நடக்கும். அகில இலங்கைத் திறமை, மாவட்ட ஒதுக்கீடு இரண்டும் உண்டு. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையும் முக்கியம். ஊராருக்காக மருத்துவத்தை முதலில் எழுதி, புள்ளியும் போதுமாயிருந்தால், மகளுக்கு அதுவே கிடைக்கும். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் இப்போதே மொழியில் கவனம் செலுத்தட்டும்.

அதற்கு முன், அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு மகளை அழைத்துச் சென்று அங்குள்ள வேலையைக் காட்டுங்கள். சேற்றையும் சாணத்தையும் கண்ட பின்னும் ஆசை நிலைத்தால் பௌதிகவியலை எடுக்கட்டும். புள்ளி போதாவிட்டால், டிப்ளோமாவுக்கு அப்போதும் விண்ணப்பிக்கலாம்.