சொல் விளங்கினால் உயிர் பிழைக்கும்!

அறிவியலுக்குத் தமிழ் உதவாது எனப் பிதற்றுவோரே, சிவகாசிக்கு வாருங்கள்!

‘அமிலம்’ என்னும் வடசொல்லால் நீங்கள் மூடிவைத்ததே காடி. 1923-இல் பிரான்சுட்டெடும் இலௌரியும் தனித்தனியே கண்ட உண்மை யாது? நேர்மின்னியை ஈவது காடி, ஏற்பது காரம். ஈதலும் ஏற்றலும் அறியாத தமிழர் உளரோ?

கந்தகத் தூள் ஈரக்காற்றில் கிடந்தால் மெல்லக் காடி ஊறும். உடன் கலந்த குளோரேற்று உப்பிற்கு அக்காடி நேர்மின்னியை ஈயும். நிலையில்லாக் குளோரிக்குக் காடி தோன்றும். அது சிதைந்து வெடிக்குந்தன்மையுள்ள வளியை உமிழும். கொள்ளி வேண்டா, கலவை தானே பற்றிக்கொள்ளவும் கூடும்!

இக்கலவையை நடுவணரசு 1992-இல் தடைசெய்தது. அத்தடையை வெளியிட்ட இந்திய அரசிதழோ இந்தியும் ஆங்கிலமுமே பேசுவது! மருந்து கலக்கும் கைகளோ தமிழ்க் கைகள்! அறியாத மொழியில் எச்சரிப்பது எச்சரிக்கையா, ஏய்ப்பா?

‘ஆசிட்டு’ என்றால் மருளும் தாய், ‘காடி’ என்றால் புளித்த கஞ்சியை நினைந்து தெளிவாள். “கந்தகம் ஈரத்தில் காடியூறும், காடி பட்ட குளோரேற்று வெடிக்கும்” என்று பட்டாசு ஆலைச் சுவர்தோறும் பொறியுங்கள்! பள்ளிதோறும் பயிற்றுங்கள்!

தமிழ்ச்சொல் கேட்பது செருக்கன்று, உயிர்க்காப்பு!