நுகத்தாணியும் பவர் டில்லரும்

மாசியில் சம்பா அறுவடை முடிந்த கையோடு என் தம்பி ஒரு கேள்வியுடன் வந்தான். திருவையாற்றுக்கு அருகே எங்களுக்குள்ள நிலம் பதினைந்து மா, அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர். அதுவும் ஒரே இடத்தில் இல்லை, ஆறு துண்டுகள். கையிருப்பு 2 லட்சத்துக்குச் சற்று மேல். உழவு நாளில் வாடகை டிராக்டருக்குக் காத்திருந்து சலித்துவிட்டவன், "பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. அதை வாங்குவதா, பவர் டில்லர் வாங்குவதா அண்ணா?" என்றான்.

தமிழ் படித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வி அன்று. ஆனால் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கம்பர் பெயரில் வழங்கும் 'ஏர் எழுபது'. மேழி, கொழு, நுகத்தடி என்று தொடங்கி நுகத்தாணி வரைக்கும் அந்நூல் தனித்தனியே பாட்டுச் சொல்கிறது. ஊர்த் தச்சனும் கொல்லனும் அறிந்த உறுப்புகள் அவை. ஆணி முறிந்தால் அன்றைக்கே மாற்றிவிடலாம். நல்ல கருவிக்கு அது ஓர் இலக்கணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் உறவினர் ஒருவர் இந்த இலக்கணத்தை மறந்தார். 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு உழவர்களுக்கு 50 விழுக்காடு வரை மானியம் உண்டு. நல்ல உதவிதான். ஆனால் அவர் மானியத்தை மட்டுமே பார்த்து, எங்கள் பக்கத்தில் வேறெவரிடமும் இல்லாத ஓர் இயந்திரத்தை வாங்கினார். சேறடிப்பின் இரண்டாம் நாள் பேரிங் உடைந்தது. மாற்றுப் பேரிங் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது. பாதி விலைக்கு வாங்கிய கருவி ஒரு போகத்தின் விளைச்சலைக் குறைத்துவிட்டது.

அடுத்தது மண். மேட்டூர் அணையோடு 1934இல் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மண் வேறு. பழைய டெல்டாவின் களிமண் வேறு. ஏறத்தாழ 2 டன் எடையுள்ள டிராக்டர் ஆழச் சேற்றில் புதையும். சிறு வயலில் அது திரும்ப இடமும் போதாது. மூலைகளை மண்வெட்டியால் கொத்த வேண்டும், அடுத்த துண்டுக்குப் போக வரப்பை வெட்ட வேண்டும். டில்லருக்கோ சக்கரத்துக்கு ஒரு கிளட்ச். இடப்புறப் பிடியை அழுத்தினால் இடச் சக்கரத்துக்கு விசை நிற்கும்; வண்டி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

ஆயினும் டில்லரின் குறையை மறைக்கக் கூடாது. அதன் உழவு அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஓர் ஏக்கரை ஒரு முறை உழுது முடிக்க, பின்னால் நடப்பவர் 6 கிலோமீட்டருக்கு மேல் சேற்றில் நடந்தாக வேண்டும். இரண்டு சால் ஓட்டினால் 13. ஐந்து ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். விலைப்பட்டியலில் எழுதப்படாத இச்செலவு என் தம்பியின் முழங்காலுக்கு. எனவே இருக்கை பொருத்தக்கூடிய வகையைத்தான் பார்க்க வேண்டும் என்றேன். எங்கள் ஊரிலேயே நான்கு பேர் வைத்திருக்கும் வகையாகவும், திருவையாற்று மெக்கானிக் கழற்றிப் பழகியதாகவும் அது இருக்க வேண்டும் என்றேன். கையிருப்பு முழுவதையும் வண்டியில் போட்டுவிடாமல், பெல்ட்டுக்கும் கத்திக்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொன்னேன். உழவைவிட எருவிடுதல் நன்று என்று வள்ளுவர் வரிசைப்படுத்தியதும் வரவு செலவுக் கணக்குதானே! அறுவடை இயந்திரத்தை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்குச் சில மணி நேர வேலைக்கு அதைச் சொந்தமாக வைத்திருப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாது.

இலக்கிய அன்பர்களிடம் ஒரு குறை சொல்லித்தான் முடிக்க வேண்டும். மாடும் கலப்பையும் போயினவே என்று நாம் ஏங்கி எழுதுகிறோம். அவற்றின் இடத்துக்கு வந்த இயந்திரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 'ஏர் எழுபது' பாடியவர் தம் காலத்துக் கருவியை ஆணி வரை அறிந்திருந்தார். நம் காலத்துக் கருவியைப் பற்றி எழுதுவதை நாமோ விற்பனைத் துண்டறிக்கைகளுக்கு விட்டுவிட்டோம். குறைந்த பணத்தோடு கடை வாசலில் நிற்கும் உழவனுக்கு அவற்றைவிட்டால் படிக்க வேறென்ன இருக்கிறது?