கொடுக்கட்டும், ஆள வேண்டாம்!

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் வழக்கம். ஊரின் பெருஞ்செல்வரும் வந்து வடம் பிடித்தால் வேண்டாம் என்பார் உண்டோ? ஆனால், தேர் எந்தத் தெருவில் செல்வது என்பதையும் அவரே முடிவு செய்யலாமா? மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இடந்தரும் கட்டற்ற மென்பொருள் உலகின் இன்றைய கேள்வி இதுவே.

1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இன்று பெரும்பாலும் நிறுவனங்களில் சம்பளம் பெறும் பொறியாளர்களால் வளர்கிறது. 2001-ஆம் ஆண்டில் அதற்கென நூறு கோடி டாலர் செலவிடப் போவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அதே 2001-இல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமை நிர்வாகி லினக்ஸைப் புற்றுநோய் என்று பழித்தார். அந்நிறுவனமே 2016-இல் லினக்ஸ் அறக்கட்டளையில் உறுப்பினராயிற்று. மாறியது மனமா? இல்லை, வணிகக் கணக்கு என்பேன்.

இதனை நான் குறை கூறவில்லை. நிறுவனங்கள் பாராமுகமாய் இருந்தபோது விளைந்த கேட்டையும் உலகம் கண்டது. இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளைப் பயன்படுத்தியோர் கோடிக்கணக்கானோர். பேணியோர் மிகச் சிலர். 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை வெளிப்பட்ட பின்னரே கூகுள், அமேசான் முதலிய நிறுவனங்கள் இத்தகைய பணிகளுக்கு நிதி திரட்ட முன்வந்தன.

எனினும், உதவும் கை உரிமை கொண்டாடினால் என் செய்வது? சன் நிறுவனம் 2000-இல் ஓப்பன் ஆபீஸின் மூல நிரலை வெளியிட்டது. 2010-இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. புதிய உரிமையாளரிடம் நம்பிக்கை கொள்ளாத தொண்டர் பலர், அவ்வாண்டிலேயே அந்நிரலைக் கொண்டு லிப்ரே ஆபீஸ் எனத் தனிவழி கண்டனர். பெயர் நிறுவனத்திடம் இருந்தது. நிரலோ உரிமத்தின் வலிமையால் பொதுச்சொத்தாய் நின்றது. அந்த லிப்ரே ஆபீஸை இன்று தமிழ் இடைமுகத்துடனும் நாம் பெறலாம்.

ஆகவே, பணத்தையும் உழைப்பையும் நிறுவனங்கள் தாராளமாகத் தரட்டும்; நன்றியோடு ஏற்போம். ஆனால், உரிமம் பொதுவாக இருக்க வேண்டும். பெயரும் ஒரு நிறுவனத்தின் கையில் இராமல் அறக்கட்டளையிடம் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் ஒரே நிறுவனத்தார் பெரும்பான்மை பெறலாகாது.

மாணவ நண்பர்களே! விலை கொடாமல் பயன்பெறும் நமக்கும் இதில் கடமை உண்டு. பிழையொன்றைக் கண்டு தெரிவிப்பதும், ஒரு சொல்லைத் தமிழாக்குவதும் வடம் பிடிப்பதேயாகும். நாம் ஒதுங்கி நின்றால், முடிவுகள் அனைத்தும் சம்பளம் கொடுப்போரிடமே சென்று சேரும்.