எட்டுப் பேர், ரெண்டு அடுப்பு

தீபாவளிக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்கள் இரண்டு வகை. அறுபது நாள் முன்னாலேயே காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எட்டு மணி இரண்டு நிமிஷத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட் வாங்கியவர்கள் ஒரு வகை. அந்த அறுபது நாளும் 'பஸ் இருக்கவே இருக்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இன்னொரு வகை. எங்கள் நங்கநல்லூர் வீட்டில் முதல் வகைக்கு நான், இரண்டாவதுக்கு என் ரூம்மேட் சேலத்துக்காரன்.

"போகலேன்னா என்னடா? ஆபீஸ்ல மிச்சம் இருக்கிறவங்களைக் கூப்பிட்டு ராத்திரி விருந்து போட்டுடுவோம்" என்றான். மிச்சத்தை எண்ணிப் பார்த்தால் ஆறு பேர். எங்களோடு எட்டு.

மெனுவை அவனே எழுதினான். பதினான்கு ஐட்டம். கல்யாணக் கான்ட்ராக்டர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். எங்களிடம் இருப்பதோ இரண்டு பர்னர், ஒரு ஐந்து லிட்டர் குக்கர். ஐட்டத்துக்கு அரை மணி என்றாலும் ஏழு மணி நேர அடுப்பு. இரண்டு அடுப்பில் மூன்றரை. கடைசி ஐட்டம் இறங்கும்போது முதல் ஐட்டம் ஐஸாகியிருக்கும். ஆகவே சிவப்பு மையால் அடித்தேன். சாதம், முருங்கைக்காய் சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு ரோஸ்ட், அப்பளம், சேமியா பாயசம். தயிர் ஐட்டத்தில் சேராது, அது பிறப்புரிமை.

ஏன் சைவம் என்று கேட்பீர்கள். தீபாவளி என்றாலே ஆட்டுக்கறி என்கிற ஊர்க்காரர்கள் மூன்று பேர், கேதார கௌரி விரதக்காரர் ஒருத்தர். எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமானால் கறிக்காரர்கள் அதை மத்தியானமே முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அளவுக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆளுக்கு ஒரு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி" என்றாள். இவ்வளவு சுத்தமாகக் கணக்கு இடிக்காமல் வரும் என்று நான் நினைக்கவில்லை. மளிகைக் கடைப் பையனுக்குப் படி தெரியாததால் ஒரு கிலோ வாங்கினோம். ஒரு கிலோ அரிசியை ஐந்து லிட்டர் குக்கரில் ஒரே தடவையில் வைத்தால் கஞ்சி விசில் வழியாகச் சுவருக்குப் போய்விடும். இரண்டு ஈடு வைக்க வேண்டும்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும், இது முக்கியம். பட்டாசுக்குச் சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை. எனவே எட்டேகாலுக்கு இலை. சாதத்தின் இரண்டாவது ஈடு ஏழே முக்கால், முதல் ஈடு ஏழேகால். வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைக்கக் கூடாது. அதில் ஒரு கிருமியின் வித்து இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் சாகாத ஜாதி. பாயசத்தை மட்டும் ஐந்து மணிக்கே செய்யலாம். ஆனால் அரை லிட்டர் காய்ச்சின பால் தனியே இருக்கட்டும். சேமியா எல்லாப் பாலையும் குடித்து, எட்டு மணிக்குள் பாயசம் உப்புமாவாகியிருக்கும்.

இதெல்லாம் சுலபம். ஐந்து பேரைக் கூப்பிட்டதும் சுலபம். ஆறாமவர்தான் சிக்கல்.

எங்கள் செக்‌ஷன் சீனியர். அடுத்த வருஷம் ரிடையர்மென்ட். ஆடி மாதம் அவர் மனைவி தவறிப்போனார். மகன் வெளிநாட்டில். இந்த வருஷம் அவருக்குப் பண்டிகை கிடையாது. துக்க வீட்டுக்காரரைத் தீபாவளி விருந்துக்கு எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடாமல்தான் எப்படி இருப்பது? மற்ற ஐந்து பேரும் மறுநாள் ஆபீஸில் ரோஸ்ட்டைப் பற்றிப் பேசுவார்களே, அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரே. சேலத்துக்காரன் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தான்.

மறுபடி அம்மா. "தீபாவளிங்கிற வார்த்தையையே எடுக்காதேடா. ராத்திரி எங்க வீட்ல சாப்பிடுங்க சார்னு சொல்லு, போதும். பாயசத்தை அவர் இலையில ஊத்தாதே. கிண்ணத்துல வச்சுத் தள்ளி வை. வேணும்னா எடுத்துக்கட்டும்."

அப்படியே சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார்.

எட்டு மணி என்று சொல்லியிருந்தேன். ஆறரைக்கே வந்தார், வழக்கமாக ஆபீஸுக்குப் போட்டு வருகிற அதே வெள்ளைச் சட்டை. கையில் ஒன்றுமில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து, "கத்தி எங்கே?" என்றார். ரோஸ்ட்டுக்கு உருளைக்கிழங்கை வெட்டினார். அப்பள எண்ணெயில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பார்த்து, "இன்னும் காயணும்" என்றார். ஏழு மணிக்கு வெளியே சரவெடி ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தவா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி, புழுங்கும்."

இலையில் எல்லாரோடும் உட்கார்ந்தார். சாம்பாரை விட்டுவிட்டு ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். பாயசக் கிண்ணத்தைத் தொடவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக இந்த ஐந்து பேரை நான் இன்னொரு தடவைகூடக் கூப்பிடுவேன்.

எல்லாரும் கிளம்பின பிறகு, செருப்பைப் போட்டுக்கொண்டே, "அதை ஒரு டப்பாவில் போட்டுத் தர முடியுமா? காலையில பார்க்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து டப்பா என் மேஜைக்குத் திரும்பி வந்தது, பளபளவென்று தேய்த்து. திறந்து பார்த்தேன். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அந்த அம்மாள் அவரைப் பழக்கியிருக்க வேண்டும். அடியில் இரண்டு கைப்பிடி சர்க்கரை.

சேலத்துக்காரன் அன்று சாயங்காலமே அதைக் காபியில் போட்டுத் தீர்த்துவிட்டான்.