ஜூன் மாதத்து நாட்களும் சொன்ன சொல்லும்

சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருக்களையும் சந்நிதித் தெருக்களையும் சேர்ந்த குடும்பத்தார் கூடி நடத்திவரும் எமது சபை, ஜூன் மாதத்தில் அடுத்தடுத்து வரும் விழிப்புணர்வு நாட்களை இனி எவ்விதம் அனுஷ்டிப்பது என்று நெடுநேரம் ஆலோசித்து, ஏகமனதாக எடுத்த முடிவை ஊராருக்குத் தெரிவித்துக்கொள்கிறது. 5ஆம் தேதி சுற்றுச்சூழல், 8ஆம் தேதி பெருங்கடல்கள், 12ஆம் தேதி குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு, 14ஆம் தேதி இரத்த தானம், 17ஆம் தேதி வறட்சி, 21ஆம் தேதி யோகம், 26ஆம் தேதி போதைப் பொருள் ஒழிப்பு என்று வரிசையாக வரும் இந்நாட்களில் எதையும் நாங்கள் அற்பமாகக் கருதவில்லை. ஆயினும் 5, 12, 17 ஆகிய மூன்றை மாத்திரமே சபை அனுஷ்டிக்கும். அந்த மூன்றுக்கும் மறு ஜூன் வரை நீடிக்கக்கூடிய வேலை எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது, மற்றவற்றுக்கு இன்னும் இல்லை என்பதே காரணம்.

திருவெஃகாவில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று திருநாமம். சீடன் கணிகண்ணன் நாடு கடத்தப்பட்டபோது திருமழிசையாழ்வார் சொன்னபடியே பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டு, அவர் மீளச் சொன்னதும் மீண்டார் என்பது ஐதிகம். அந்தச் சந்நிதிக்கு அருகில் வாழ்ந்துகொண்டு, காலையில் பிரதிக்ஞை வாசித்து மாலையில் அதை மறப்பது எங்களுக்கு அடாத காரியமாகத் தோன்றுகிறது.

ஒரு நாளை உரியபடி உபயோகித்தால் பலன் உண்டு. ஒருமுறை மட்டும் உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழ்நாட்டில் தடை செய்யும் அறிவிப்பு 2018 ஜூன் 5ஆம் தேதி சட்டமன்றத்தில் வந்து, 2019 ஜனவரி 1 முதல் அமலாயிற்று. அவ்வாண்டே அனந்த சரஸ் திருக்குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரை 48 நாட்கள் தரிசிக்க ஜனசமுத்திரம் திரண்டபோது, சட்டம் இயற்றுவதற்கும் பழக்கம் மாறுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இத்தெருக்களில் கண்ணாரக் கண்டோம். ஆகவே வைகாசி கருட சேவைக்குச் சபை போடும் நீர்மோர்ப் பந்தலில் இனி எவர்சில்வர் தம்ளர்களே இருக்கும். பிளெக்ஸ் பேனர் எதற்கும் கட்டமாட்டோம்.

12ஆம் தேதியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எங்கள் வீட்டுக் காரியம். கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்து இணைக்கும்போது, ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளுவதற்கு நெசவாளியின் இரண்டு கைகள் போதா. இன்னொருவர் அருகில் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் ஒரு காலத்தில் இவ்வூரில் பெரும்பாலும் சிறுவராகவே இருந்தார் என்பதையும், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிறர் தறியில் கட்டுண்டு பள்ளியை இழந்த பிள்ளைகள் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லும், குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986லும் வந்தன. 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, பள்ளி நேரம் போக மீதி வேளையில் குழந்தை தன் குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. தறியோசையில் வளர்ந்த நாங்கள் அச்சலுகையை ஏற்கவில்லை. மாலையில் தறியில் உட்காரும் பிள்ளைக்கு மறுநாள் பாடம் ஏறுவதில்லை என்பது எங்களில் பலர் சொந்த உடம்பால் அறிந்த சங்கதி. எங்கள் அங்கத்தினர் வீட்டுத் தறியில் பதினான்கு வயது நிரம்பாத பிள்ளை உட்காராது.

அதனால் நேரும் நஷ்டத்தை நெசவாளி ஒருவனே சுமப்பதும் தர்மமாகாது. கோர்வைச் சேலைக்குக் கூலி பேசும்போது, உடன் உட்காரும் வயது வந்த ஆளுக்குரிய கூலியைத் தனியே எழுதித் தரவேண்டுமென்று முதலாளிமார்களையும் கூட்டுறவுச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம். கோர்வையின் அழகுக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளர், அந்த இரண்டாவது ஆளின் கூலிக்கும் சேர்த்தே கொடுக்கக் கடமைப்பட்டவர்.

வறட்சி நாளான 17ஆம் தேதிக்குரியது, இருக்கும் நீரைக் கெடாமல் காக்கும் வேலை. எங்களுக்கு அந்நீர் வேகவதி நதி. பிரம்மாவின் யாகத்தைக் குலைக்கச் சரஸ்வதி இந்நதியாகப் பெருக்கெடுத்து வந்தபோது பெருமாள் குறுக்கே அணையாகக் கிடந்து தடுத்தார் என்று ஸ்தலபுராணம் சொல்லும் அந்நதி, இன்று கழிவுநீர் சுமந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. சாயத்தொட்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள், சாய நீரைத் தெருக் கால்வாயில் விடுவதில்லையென்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் தொட்டிகளைச் சுத்திகரிப்பு வசதியோடு இணைத்துத் தருமாறு மாநகராட்சிக்கு விண்ணப்பித்துக்கொள்கிறோம்.

இம்மூன்று வேலைகளின் கணக்கும், நடக்காதவை உட்பட, எங்கள் தறிகள் ஓடாத அமாவாசைதோறும் சபையில் வாசிக்கப்படும். கேட்க விரும்புவோர் யாவரும் வரலாம்.