தோட்டத்து முச்சந்திக்கும் பஸ் வர வேண்டும்: கோரிக்கை மகஜர்

பெறுநர்: மாண்புமிகு தலைவர், சுங்கை பட்டாணி நகராண்மைக் கழகம்
நகல்: ஊராட்சித் துறைக்கான ஆட்சிக்குழு உறுப்பினர், கெடா மாநில அரசு
அனுப்புநர்: தோட்ட, தாமான் குடியிருப்பாளர்களின் சங்கச் செயற்குழு
பொருள்: பஸ், நடைபாதை, கழக உறுப்பினர் நியமனம்

மதிப்பிற்குரியீர்,

ஊராட்சி மன்றத் தேர்தல் இருந்திருந்தால், வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடமே இக்கோரிக்கைகளைச் சொல்லியிருப்போம். அத்தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தும் அது ஏற்கப்படவில்லை. ஆகவே, அடுத்த நியமனப் பட்டியல் முடிவாகும் முன் இம்மகஜரைச் சமர்ப்பிக்கிறோம்.

லயங்களில் வாழ்ந்தபோது வேலைக்காடும் பள்ளியும் கோயிலும் நடக்கும் தொலைவில் இருந்தன. தோட்டத் துண்டாடலும் அதன்பின் வந்த வீடமைப்புத் திட்டங்களும் எங்கள் மக்களைத் தாமான்களில் சிதறடித்தன. பிழைப்பு தொழிற்சாலைகளுக்கு மாறியது. இன்று பீடோங், செமெலிங், புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், பஸ் இல்லாததால் வீட்டில் ஒருவர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து உடன் போகிறார். பதினாறு வயதில் உரிமம் எடுத்ததும் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறோம், பயந்துகொண்டே. மலேசியச் சாலை விபத்துகளில் மாண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். எத்தனை ஈமச்சடங்குகளுக்குத்தான் நாங்கள் கூடுவது?

பஸ் தட உரிமம் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான ஆப்பாட்டிடம் இருப்பதை அறிவோம். ஆயினும் எந்தத் தடம் தேவை என்று அதனிடம் வலியுறுத்தும் தகுதி கழகத்துக்கு உண்டு. சுங்கை பட்டாணி நிலையத்தில் கொமியூட்டர் மின்ரயில் நிற்கிறது. அதில் ஏறி பட்டர்வொர்த்துக்கோ அலோர் ஸ்டாருக்கோ போகலாம். நிலையம் வரை வந்து சேர்வதுதான் பாடு. ரயில் நேரத்தை ஒட்டித் தோட்டப் பகுதிகளுக்குச் சிறு பஸ் அல்லது வேன் சேவை தொடங்க, மாநில அரசுடன் சேர்ந்து கழகம் விண்ணப்பிக்க வேண்டும். ரயிலே இல்லாத கூலிமின் தொழில்நுட்பப் பூங்காவுக்கு ஷிப்ட் வேலைக்குப் போவோருக்கும் அத்தகைய தடம் தேவை. தொழிற்சாலை பஸ்கள் தங்கள் தொழிலாளரை மட்டுமே ஏற்றுகின்றன.

கழகத்தின் கையிலேயே இருப்பவற்றுக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. கூரையுள்ள பஸ் நிறுத்தம், சாலை விளக்கு, மூடிய கால்வாய், பள்ளி முன் பாதசாரிக் கடவை ஆகியவற்றுக்கு வரும் வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு வேண்டும். சக்கர நாற்காலி ஏற முடியாத நடைபாதை, 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. புதிய தாமானுக்குத் திட்ட அனுமதி கொடுக்கும்போதே நடைபாதையும் பஸ் நிறுத்தமும் நிபந்தனையாக வேண்டும். வீடு விற்றுத் தீர்ந்த பின் மேம்பாட்டாளரிடம் கேட்டுப் பயனில்லை.

நியமனம் பற்றி ஒன்று. தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்க வல்லவர்களை உறுப்பினராக்கலாம் என்கிறது ஊராட்சிச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. அன்றாடம் பஸ்ஸிலும் கால்நடையாகவும் போகும் தோட்டப் பகுதிப் பெண் ஒருவரையாவது அப்பட்டியலில் சேர்க்கக் கோருகிறோம்.

கழகப் பொறியாளர்கள் வந்தால், எந்த முச்சந்தியில் நிறுத்தம் வேண்டும் என்பதை எங்கள் செயற்குழுவினர் உடன் நடந்து காட்டுவார்கள். அதற்கொரு தேதியையும், இம்மகஜருக்கு 30 நாள்களுக்குள் எழுத்துமூலப் பதிலையும் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், செயற்குழுவினர்